பெட்டியில் வந்த மோட்டார் சைக்கிள்

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள், இயந்திரவியல் துறை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "டெக்ஸாஸில் இருக்கிறாய், ஏதாவது டெக்னிக்கலாப் பேசு" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் செயற்கை நுண்ணறிவு, காற்றாலை என்று பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் கொண்டு வந்திருப்பது சின்ன விஷயம். சீனாவில் செய்து, மரச்சட்டமும் இரும்புக் கூண்டும் போட்ட பெட்டியில் அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் ஒரு மலிவு மோட்டார் சைக்கிள். அதை வாங்கி, சரி பண்ணி, விற்பது பற்றித்தான் பேசப் போகிறேன். சில வருஷங்களாக வாரக் கடைசியில் எனக்கு இதுதான் வேலை. இதுவரை நாலு வண்டி கைமாற்றியிருக்கிறேன். கோடீஸ்வரன் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், இது என்ன வண்டி? அங்கே இதை 'டூயல் ஸ்போர்ட்' என்பார்கள். தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும். உயரமான ஷாக் அப்சர்பர், முன்னால் பெரிய சக்கரம், ஸ்போக் ரிம், கட்டை கட்டையான டயர். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் சட்டப்படி இருக்கும். ஜப்பான்காரர்கள் செய்கிற இந்த வகை வண்டி விலை ஜாஸ்தி. ஹோண்டா சி.ஆர்.எஃப். 250 எல் 2013-ல் அங்கே அறிமுகமானபோது 4,499 டாலர். அதே தோற்றத்தில் சீன வண்டி ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. '250' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பேராசிரியர்கள் இருக்கிற சபையில் உண்மையைச் சொல்ல வேண்டும்: போர் 67 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 229 சி.சி.தான் வரும். மீதி 21 சி.சி. ஸ்டிக்கரில் இருக்கிறது.

இந்த எஞ்சினின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1970-களில் ஹோண்டா கம்பெனி வளரும் நாடுகளில் விற்ற வண்டிகள் சீக்கிரம் சீக்கிரம் பழுதாகின. எஞ்சினியர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜனங்கள் ஆயில் மாற்றுவதே இல்லை. இரண்டு பேர் போகிற வண்டியில் குடும்பமே போகிறது. மேலே கேம்ஷாஃப்ட், அதற்கு ஒரு செயின் என்று நாசூக்காகச் செய்த எஞ்சின் இந்தப் பாட்டைத் தாங்கவில்லை. ஆகவே பழைய புஷ்ராடு முறைக்கே திரும்பினார்கள். கேம்ஷாஃப்டைக் கீழே கிராங்குக்குப் பக்கத்தில் வைத்து, செயின் இல்லாமல் பல்சக்கரத்தாலேயே ஓட்டினார்கள். இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரே கேம் லோப். இப்படிப் பிறந்ததுதான் சி.ஜி. 125. 1976-ல் பிரேசிலில் ஹோண்டா தொழிற்சாலை ஆரம்பித்ததே இந்த வண்டியோடுதான். பாகிஸ்தானில் இதன் வாரிசு நம் காலம் வரை ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது, கவனிக்கவே மாட்டார்கள் என்று தெரிந்து, அதற்காகவே வரைந்த எஞ்சின் இது.

இந்த வரைபடம் சீனாவுக்குப் போய் சோங்சிங் நகரத்தில் பல்கிப் பெருகிவிட்டது. சோங்சிங்கை மோட்டார் சைக்கிளின் தலைநகரம் என்றே சொல்லலாம். சோங்ஷென், லிஃபான், லோன்சின் மூன்றுமே அந்த ஊர்க் கம்பெனிகள். சோங்ஷென்னை ஆரம்பித்த ட்சுவோ சோங்ஷென் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நம்ம ஊர் மெக்கானிக் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஊரில் வேலை நடக்கிற விதத்தைப் புரிந்துகொண்டால் இந்த வண்டியைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. ஹோண்டாவின் சில மாடல்களின் அளவுகளே அங்கே பொது அளவாக ஆகிவிட்டன. ஒருவர் கார்புரேட்டர் மட்டும் செய்வார், ஒருவர் கிளட்ச் மட்டும், ஒருவர் ஹேண்டில்பார் மட்டும். எல்லாம் அந்தப் பொது அளவுக்குப் பொருந்தும். வண்டிக் கம்பெனிக்காரர் இவற்றை வாங்கிச் சேர்த்து, தன் பெயரை ஒட்டுவார். எஞ்சினின் பெயரிலேயே இது தெரியும். 167 எஃப்.எம்.எம். என்று அடித்திருக்கும். 1 என்றால் ஒரு சிலிண்டர், 67 என்பது போர், எஃப் என்றால் காற்றில் குளிர்வது, அடுத்த எம் என்றால் மோட்டார் சைக்கிள், கடைசி எம் என்றால் 250 வகை. 156 எஃப்.எம்.ஐ. என்று இருந்தால் 125. யார் செய்ததாக இருந்தாலும் இந்த இலக்கணம் மாறாது.

நமக்கு இதில் லாபம் என்ன? உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும், விலையும் கம்மி. நஷ்டம் என்ன? எந்தப் பாகம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று வெளியே தெரியாது. என் அனுபவத்தில் எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காசு மிச்சம் பிடிப்பது செயினில், டயரில், போல்ட்டில், கேபிளில், கிரீஸில். இன்னொரு பெரிய மிச்சம், கடைசிக் கட்ட மனித உழைப்பு. நட்டை இறுக்கிப் பார்ப்பது, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, ஸ்போக்கைத் தட்டிப் பார்ப்பது. அந்த வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கான காசை விலையில் கழித்துவிடுகிறார்கள். பெட்டியைத் திறக்கிறவர்தான் அந்தத் தொழிற்சாலையின் கடைசித் தொழிலாளி. இதைத் தெரிந்து வாங்கினால் நல்ல பேரம். தெரியாமல் வாங்கினால் ஆபத்து.

பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஸ்பானரைத் தொடாதீர்கள். சேஸிஸ் நம்பரையும் கூட வந்த உற்பத்திச் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் 17 எழுத்து. முதல் எழுத்து எல் என்றால் சீனத் தயாரிப்பு. பத்தாவது எழுத்து மாடல் வருஷம். ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட வண்டி பதிவாகாது. பிரித்துப் பூட்டிய பிறகு அது தெரிந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

அப்புறம் வேலையை நான் மூன்று குவியலாகப் பிரிப்பேன்.

முதல் குவியல், உயிர் காக்கிற வேலை. பிரேக், சக்கர ஆக்ஸில், ஹேண்டில்பார், எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, சுத்தம் செய்து, தேவையான இடத்தில் லாக்டைட் விட்டு, டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். ஸ்டீரிங் பேரிங்கைத் திறந்து கிரீஸ் வைக்க வேண்டும். கூட வரும் செயினை நான் ஒரு நாளும் நம்புவதில்லை. ஓடும்போது செயின் அறுந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டுகொண்டு எஞ்சின் கேஸையே உடைத்துவிடும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. டயரும் அப்படித்தான், ஈரத் தார் ரோட்டில் பிடிப்பு இல்லையென்றால் மாற்றிவிட வேண்டும். பெட்டியில் வந்த ஆயிலை வடித்துப் புது ஆயில், சில நூறு மைல் ஓடியதும் மறுபடியும் புது ஆயில். இந்த வகை எஞ்சின் பலவற்றில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பி வலைதான். புது எஞ்சின் தேய்ந்து உதிர்க்கிற இரும்புத் தூள் ஆயிலோடு வெளியே போனால்தான் உண்டு. அதே சமயம் ஸ்போக்கையும் ஒரு சுற்று இறுக்கிவிட வேண்டும். டேப்பட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். நம்ம லேப்பில் அந்த கேஜைத் தொலைத்துவிட்டு அபராதம் கட்டியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

இரண்டாம் குவியல், சௌகரியத்துக்கான வேலை. முன் ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கையைக் கூட்டுவது இதில் முக்கியம். உதாரணத்துக்கு 15 பல்லை 17 ஆக்கினால், 6,000 சுற்றில் கத்திக்கொண்டிருந்த எஞ்சின் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 5,300 சுற்றில் ஓடும். அதிர்வு குறையும், காது பிழைக்கும். ஆனால் மேட்டில் இழுவை குறையும். இயற்பியலை ஏமாற்ற முடியாது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். சீட்டுக்கு நல்ல ஃபோம், உயரமான ஹேண்டில்பார், கை உறை கார்டு, பின்னால் சாமான் கட்ட கேரியர் எல்லாம் இந்தக் குவியல்தான்.

மூன்றாம் குவியல், ஆசைக்கான வேலை. சத்தம் போடுகிற சைலன்ஸர், பெரிய கார்புரேட்டர், பெரிய பிஸ்டன், கலர் கலராக ஸ்டிக்கர். இளைஞர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். இங்கே சட்டமும் குறுக்கே வருகிறது. இந்த வண்டிகள் புகைக் கட்டுப்பாட்டுச் சான்று பெற்று வருகின்றன. அதற்காகவே கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் வைத்திருப்பார்கள். பெட்ரோல் ஆவியை உறிஞ்ச ஒரு கரி டப்பா இருக்கும். அதையெல்லாம் பிடுங்கி எறிந்தால் காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், த்ராட்டில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரோட்டில் பதிவான வண்டியில் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனத்தை அகற்றுவது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். 1990-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டறைக்காரருக்கு மட்டுமில்லை, சொந்தக்காரருக்கும் அது பொருந்தும். ஆகவே விற்கப் போகிற வண்டியில் நான் மூன்றாம் குவியல் பக்கமே போவதில்லை.

இப்போது பணக் கணக்கு. உதாரணமாக, வண்டி 2,000 டாலர், ஏற்றுக்கூலியும் பதிவுச் செலவும் 300, செயின், டயர், இதர சாமான் 500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,800. நாற்பது மணி நேர உழைப்பைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். இதை மறு வருஷம் விற்கப் போனால் 1,500 கேட்பார்கள். "புதுசே 2,000-க்குக் கிடைக்கிறதே?" என்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. நீங்கள் போட்ட செயினும் தடவிய கிரீஸும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டிக்கர் தெரியும், ஆனால் உங்கள் ஸ்டிக்கர் அவருக்குப் பிடிக்காது.

அப்படியானால் கை கடிக்காமல் இதைச் செய்ய முடியாதா? முடியும், வேறு விதத்தில். பெட்டியை வாங்கி, பாதி பூட்டி, பொறுமை இழந்து கராஜில் சாத்தி வைத்தவர்கள் ஏராளம். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது, பேட்டரி செத்துவிட்டது, மனைவி திட்டுகிறார் என்று சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கி முதல் குவியல் வேலையைப் பொறுப்பாக முடித்து விற்றால் உழைப்புக்கு ஏதோ கூலி கிடைக்கும். சில நூறு டாலர், அவ்வளவுதான். அதிலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். அங்கே 'டைட்டில்' என்று ஒரு பத்திரம் உண்டு, நம்ம ஆர்.சி. புத்தகம் மாதிரி. டெக்ஸாஸில் கவுன்டி வரி அலுவலகத்தில் அதை என் பேருக்கு மாற்றிய பிறகுதான் நான் விற்கலாம். முந்தின சொந்தக்காரர் கையெழுத்தோடு அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது சட்ட விரோதம். ஒரு காலண்டர் வருஷத்தில் நாலு வண்டிக்கு மேல் விற்றால் டீலர் லைசென்ஸ் வேண்டும். கலிஃபோர்னியாவில் இன்னும் கெடுபிடி. அந்த மாநிலச் சான்று இல்லாத வண்டி 7,500 மைல் ஓடாமல் இருந்தால் அதைப் புது வண்டியாகவே கருதுவார்கள், சாதாரணமாக அங்கே குடியிருப்பவர் பதிவு செய்ய முடியாது.

இவ்வளவு நேரம் இரும்பைப் பற்றிச் சொன்னேன். இனி சொல்லப் போவது மனிதரைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் வேலை. பஸ் கிடையாது. நண்பன் காரில் தொற்றிக்கொண்டு போய் வருகிறான், அந்த நண்பன் வேறு ஊருக்கு மாறிப் போகிறான். கையில் நான் கேட்ட பணம் முழுசாக இருந்தது, பேரம்கூடப் பேசவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "வேலைக்கு எந்த வழியாகப் போவாய்?" என்று கேட்டேன். நெடுஞ்சாலையில் இருபது மைலாம்.

என் வண்டியில் ஒரு குறையும் இல்லை. எல்லா நட்டும் என் கையால் இறுக்கியது. ஆனால் 229 சி.சி., பதினைந்து பதினாறு குதிரைசக்தி. முழு த்ராட்டிலில் மணிக்கு 65 மைல் போகும், எதிர்க்காற்று என்றால் அதுவும் இல்லை. அந்த நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகம் 75. ராத்திரியில், பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி வரும்போது, ஒதுங்குவதற்குக் கையில் துளி வேகம்கூட மிச்சமிருக்காது. சட்டப்படி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வண்டிதான், வாங்குகிறவர் பெரியவர்தான்.

"தம்பி, கிராமத்துச் சாலைக்கும் ஊருக்குள் ஓட்டவும் இது நல்ல வண்டி. உன் வழிக்கு இது வேண்டாம்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "சார், இந்தப் பணத்துக்கு வேற எதுவும் கிடைக்காது" என்றான். அது உண்மை. மலிவு வண்டியைத் தேடி வருகிறவர்கள் பலரும் அப்படித்தான், வேறு வழி இல்லாமல் வருவார்கள். ஜப்பான் கம்பெனியின் பழைய வண்டி ஒன்று, கொஞ்சம் பெரிய எஞ்சின், தோற்றம் சுமார், அப்படி எதைத் தேட வேண்டும், வாங்கும்போது எங்கெங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். பிறகு அவனைப் பார்க்கவில்லை. என் வண்டி ஆறு வாரம் கழித்து, இன்னும் குறைந்த விலைக்கு, மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவருக்குப் போயிற்று. வேலி சுற்றிப் பார்க்க அவருக்கு அது பொருத்தம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விற்கும் வண்டியோடு ஒரு தாள் கொடுக்கிறேன். மூன்று பத்தி. நான் செய்த வேலை என்ன, எந்தத் தேதியில், எத்தனை மைலில். நான் திறந்து பார்க்காத இடம் எது. இந்த வண்டி எதற்கு லாயக்கில்லை. கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். இந்தத் தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. படித்துவிட்டுப் பேரமே பேசாமல் வாங்கியவர்களும் உண்டு.

இது வெறும் நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்காதீர்கள், வியாபார விஷயமும்கூட. வியட்நாமில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி சீன மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் போல வந்து இறங்கின. ஹோண்டா வண்டியின் நகல், விலையோ அதில் ஒரு பகுதிதான். அதுவரை வண்டியை நினைத்தே பார்க்காத குடும்பங்கள் வாங்கின. சந்தையில் பெரும்பங்கு குறுகிய காலத்தில் கைமாறியது. சீக்கிரமே பாகங்கள் தேய ஆரம்பித்தன, வண்டிகளின் பெயர் கெட்டது, பழைய வண்டிக்கு விலை போகவில்லை. 2002-ல் ஹோண்டா விலை குறைத்து வேவ் ஆல்ஃபா என்ற வண்டியைக் கொண்டுவந்ததும் ஜனங்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இத்தனைக்கும் சோங்சிங்காரர்களுக்கு நல்ல வண்டி செய்யத் தெரியாமல் இல்லை. அதே ஊர் லோன்சின் கம்பெனிதான் இன்றைக்கு பி.எம்.டபிள்யூ.வுக்கு சி 400 ஸ்கூட்டர் செய்து கொடுக்கிறது. மலிவு விலையில் ஒரு தடவை விற்கலாம். இரண்டாம் தடவை அதே ஆள் நம்மிடம் வர வேண்டுமானால், முதல் தடவை அவரிடம் நாம் என்ன சொன்னோம் என்பது முக்கியம்.

ஜூனியர் நண்பர்களே, உங்களில் சிலர் வண்டி செய்வீர்கள். சிலர் சாஃப்ட்வேர் செய்வீர்கள். பலர் உங்கள் பழைய காரையாவது ஒரு நாள் விற்பீர்கள். நாம் படித்த படிப்பால் நமக்குத் தெரிவதும் வாங்குகிறவருக்குத் தெரிவதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை லாபமாக மாற்றுவது சுலபம், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். அதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுப்பதற்குக் கொஞ்சம் காசு செலவாகும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் உங்கள் விலையைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். டேப்பட் சரி பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மதியம் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரலாம். ஒரு நண்பரின் பழைய பைக் அங்கே நிற்கிறது, ஃபீலர் கேஜ் நான் கொண்டுவந்திருக்கிறேன்.